டெத் வேலிக்கு ஒரு நாள்: காலையில் பள்ளம், உச்சிவெயிலில் மலை

லாஸ் வேகாஸ் போகிற நம்மவர்கள் பலரும் நடுவில் ஒரு நாளை, கலிஃபோர்னியாவில் இருக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவான டெத் வேலிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நாள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது: ஓட்டலில் காலை டிபனை முடித்து ஒன்பதரைக்குக் கிளம்புவது, பன்னிரண்டு மணிக்கு பேட்வாட்டர் என்ற உப்புத்தரையில் இறங்குவது, பத்தே நிமிடத்தில் முகம் சிவந்து காருக்குள் ஓடுவது, மிச்ச இடங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இடத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வரிசைதான் தலைகீழ்.

எது பக்கம், எது தூரம் என்று கூகுள் மேப் பார்த்து அடுக்கினால் இந்த ஊருக்குச் சரிப்படாது. ஒவ்வொரு இடமும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் அங்கே நிழல் விழும் என்று பார்த்துத்தான் அடுக்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும் என்பது பூங்கா நிர்வாகம் சொல்லும் கணக்கு. பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி (86 மீட்டர்) கீழே கிடக்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம் அதுதான். அதன் தலைக்கு மேல், மலை விளிம்பில், சுமார் 5,475 அடி உயரத்தில் இருக்கிறது டாண்டேஸ் வியூ. கீழே 46 டிகிரி செல்சியஸில் தவிக்கும் அதே மதியம் மேலே பெரும்பாலும் 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தத் தெரிந்தால் நாள் கைக்குள் வந்துவிடும்.

வெயில் இங்கே மட்டும் இப்படிக் கொளுத்துவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடாவில் தொடங்கி ஒவ்வொரு மலைத்தொடராக ஏறி இறங்கி, இருந்த மழையையெல்லாம் வழியிலேயே கொட்டிவிடுகிறது. கடைசியாக 11,049 அடி டெலஸ்கோப் சிகரம் நிற்கும் பானமின்ட் மலையைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கும்போது அதில் ஈரமே மிஞ்சுவதில்லை. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 2 அங்குலத்தைச் சுற்றித்தான். பள்ளம் ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் செங்குத்தான மலைச்சுவர்கள். தரையில் சுட்ட காற்று மேலே போய், முழுதும் தணியாமலே கீழே இறங்கி, இறங்கும்போது அழுத்தத்தில் இன்னும் சூடேறி, மறுபடி தரையில் சுடுகிறது. 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் (56.7 செல்சியஸ்) இன்றைக்கும் உலக வானிலை அமைப்பு ஏற்கும் உலக உச்சம். அந்த அளவை நம்பாத வானிலை ஆய்வாளர்களும் உண்டு. அது போகட்டும், ஜூலை மாதத்துச் சராசரிப் பகல் உச்சமே 47 செல்சியஸ். பயப்பட அதுவே போதும்.

ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை போவதே உத்தமம். டிசம்பரில் பகல் 18 டிகிரி, விடியற்காலை 4 டிகிரி என்று இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பது ஜூன், ஜூலையில். பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. போகிற விதத்தைச் சொல்வதே பிரயோஜனம்.

‘சென்னைக் கத்திரியையே பார்த்தாச்சு, இது என்ன’ என்கிற தைரியத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். சென்னையில் வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு ‘தண்ணீர் குடி’ என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். இங்கே காற்றில் ஈரம் இல்லாததால் வியர்த்த மறுகணமே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாது. நனையாததால் வியர்க்கவில்லை என்று தோன்றும். உண்மையில் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், சட்டையில் வெள்ளையாகப் பூக்கும் உப்புத்தான் ஒரே சாட்சி. தாகத்துக்குக் காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடிப்பதே சரி. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது 4 லிட்டர். கோடையில் நடப்பதாக இருந்தால் அதற்கும் மேலே. இதோடு காரில் தனியாக ஒரு கேலன் கேன், வண்டி நின்றுபோனால் உதவும் என்று.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் வம்பு. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, வெப்பத்தால் வரும் அதே தலைவலியும் குமட்டலும் வரும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்புப் போட்ட நீர்மோரை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போவது நம் வீடுகளுக்கு எளிது. இல்லாவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலம், உப்புக்கடலை. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ தடுமாறினாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஏசி காரில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து, உதவிக்கு ஆள் தேட வேண்டும்.

அந்த உதவி உடனே வராது என்பதுதான் இந்த இடத்தின் நிஜமான ஆபத்து. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு உண்டு. அதை எப்படி இயக்குவது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைப்பது நல்லது. மேப்பை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், ஆனால் அது காட்டும் குறுக்குவழியை நம்பி மண்சாலைக்குள் திரும்பாதீர்கள். 2024 ஜூலையில் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு உள்ளங்கால் தோல் முழுதும் வெந்துபோனது. ஹெலிகாப்டரை வரவழைத்தும் அங்கே இறங்க முடியவில்லை. காற்று அவ்வளவு சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து விசிறிக்குப் பிடிப்பு கிடைக்காது. ஆம்புலன்சில் மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள் என்று சொல்வது இதனால்தான். 1972 ஜூலையில், பூங்காவின் தகவல் மையம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் வெப்பம் மட்டும் 201 டிகிரி ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 94 செல்சியஸ், பதிவாகியிருக்கிறது.

இனி வண்டி. வேகாஸிலிருந்து பரம்ப் என்ற நெவாடா ஊர் வழியாக டெத் வேலி ஜங்ஷன், அங்கிருந்து 190-ஆம் நெடுஞ்சாலையில் ஃபர்னஸ் கிரீக்: மொத்தம் ஏறக்குறைய 120 மைல், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பெட்ரோலைப் பரம்ப்பிலேயே முழுசாகப் போட்டுவிடுங்கள். உள்ளே கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். டயர் காற்றைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி சரிபார்க்க வேண்டும். மதியம் சூடேறி அழுத்தம் கூடியதைப் பார்த்துக் காற்றை இறக்குவது தப்பு. இறக்கினால் டயர் இன்னும் சூடாகி வெடிக்க வாய்ப்பு. நீண்ட ஏற்றத்தில் என்ஜின் வெப்பமுள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகப் போட வேண்டும். கேட்கவே அபத்தம், ஆனால் என்ஜினின் சூட்டை உள்ளே இழுத்து வெளியேற்ற அந்த ஒரு வழிதான் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டால் நடந்துபோய் உதவி தேடாமல் வண்டியின் பக்கத்திலேயே இருப்பதே உயிர் காக்கும்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். கார்டு மட்டுமே, ரொக்கம் வாங்க மாட்டார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை எந்த வெயிலையும் தாங்கும், தயிர்சாதம் ஐஸ் பெட்டி இல்லாமல் மதியத்துக்குள் புளித்துவிடும்.

நாளைத் தொடங்க வேண்டிய இடம் ஸாப்ரிஸ்கி பாயின்ட். சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். ஜூனில் சூர்யோதயம் ஐந்தரையை ஒட்டி, டிசம்பரில் ஏழுக்குச் சற்று முன். வேகாஸிலிருந்து வருவதானால் ஜூனில் மூன்று மணிக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும்; முந்தின இரவு பரம்ப்பில் தங்கிவிட்டால் தூக்கம் மிச்சம். கார் நிறுத்துமிடத்திலிருந்து கால் மைல் தார்ப்பாதை ஏற்றம். முதல் வெளிச்சம் தொலைவில் பானமின்ட் மலை உச்சியில் இளஞ்சிவப்பாகப் பட்டு, படிப்படியாக இறங்கி, கடைசியில் முன்னால் நிற்கும் மான்லி பீக்கன் கூம்பைத் தொடும். வெளிச்சம் சாய்வாக இருப்பதால் களிமண் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிழல் கட்டும். எட்டு மணிக்குப் போனால் அதெல்லாம் தட்டையான மஞ்சள் மண்மேடு. இந்த மடிப்புகள் பழைய ஏரியொன்றின் அடிச்சேறு, எப்போதாவது கொட்டும் மழை அரித்தது. செடிகொடி வேர் பிடிக்காததால் அரிப்பு அப்படியே தெரிகிறது. இடத்துக்குப் பெயர் தந்த ஸாப்ரிஸ்கி ஒரு வெண்கார (போராக்ஸ்) கம்பெனியின் துணைத்தலைவர்.

அங்கிருந்து நேரே பேட்வாட்டர், அரை மணிப் பயணம். இந்த இடத்தில்தான் நிழல் கணக்கு கைகொடுக்கிறது. பேட்வாட்டருக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் கறுப்பு மலைகள் ஐயாயிரம் அடிக்கு மேல் எழும்பி நிற்கின்றன. அதனால் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உப்புத்தரை மலைநிழலிலேயே இருக்கும். அந்த நேரத்துக்குள் உள்ளே நடந்து திரும்பிவிட வேண்டும். நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்தால் பாறைச்சுவரில் ‘கடல்மட்டம்’ என்ற வெள்ளைப் பலகை தெரியும். நாம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

மரப்பலகை நடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குட்டையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஊற்றுநீர்தான், சுற்றியிருக்கும் உப்பு கரைந்து குடிக்க முடியாததாகிவிட்டது. அதன் ஓரத்தில் பேட்வாட்டர் நத்தை என்று கடுகளவு நத்தையொன்று வாழ்கிறது. நடைமேடையை விட்டு இறங்கிக் குட்டையோரம் நடந்தால் காலடியில் நசுங்குவது அதுதான்.

முதல் சில நூறு மீட்டர், ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். முக்கால்வாசிப் பேர் இதைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுவார்கள். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் படங்களில் பார்த்த வெள்ளைத் தரை. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்தில் ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பாளங்கள், அவற்றின் விளிம்பில் சில அங்குலம் எழும்பிய உப்பு வரப்பு. குனிந்து பார்த்தால் வரப்பு ஒரே கட்டியாக இல்லாமல் நொறுங்கும் படிகங்களின் அடுக்காக இருக்கும், விரலால் தொட்டால் உதிரும். தரைக்கு அடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஆவியாக ஆவியாகச் செறிவு கூடி, கனத்து, கீழே அமிழ்கிறது. செறிவு குறைந்தது மேலே வருகிறது. அமிழும் கோடுகளில் உப்பு அதிகம் சேர்ந்து வரப்பாகிறது. மழை பெய்தால் இந்தக் கோலமே கரைந்து, காய்ந்தபின் புதிதாக எழும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டியபோது இங்கே ஓர் ஏரியே உருவாகி அடுத்த ஆண்டு வரை நின்றது. தரை ஈரமாக இருந்தால் நடக்காதீர்கள். மேல்தோடு உடைந்து கால் சேற்றில் இறங்கும், அந்தச் சுவடும் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

வெயில் வந்தபின் இந்த வெள்ளைத் தரை ஒளியைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் தடவ வேண்டும். தொப்பி மட்டும் போதாது.

திரும்பும் வழியில் டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ், ஒன்றரை மைலுக்கும் குறைவான சரளைச் சாலை. பேட்வாட்டர் தட்டை என்றால் இது முழங்கால் உயரத்துக்கு முள்முள்ளாக எழுந்த உப்பு. ஓரத்தில் நின்று பார்ப்பது போதும், மேலே ஏறி விழுந்தால் கத்தி கீறியதுபோல் வெட்டும். வாடகைக் காரில் வந்தவர்கள் மண்சாலையில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. நடப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு கோல்டன் கேன்யன் இருக்கிறது. குளிர்காலத்தில் ரெட் கதீட்ரல் வரை போய்வர 3 மைல். கோடையில் பத்து மணிக்குமேல் பள்ளத்தில் எங்கும் நடக்கக் கூடாது என்று பூங்காவே சொல்கிறது. கேன்யனின் சுவர்கள் அடுப்புபோல் சூட்டைத் திருப்பித் தரும்.

பத்து மணி வாக்கில் ஃபர்னஸ் கிரீக் தகவல் மையம். ஏசி, கழிப்பறை, குடிநீர் நிரப்பும் குழாய் மூன்றும் உண்டு. வாசலில் எல்லாரும் படமெடுக்கும் வெப்பமானிப் பலகை அதிகாரபூர்வ அளவு அல்ல. சாலை மூடல் விவரங்களை இங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரு சின்ன மழைக்கும் சாலை அடித்துப் போகிற ஊர் இது. இந்த இடத்தையொட்டித்தான் டிம்பிஷா ஷோஷோனி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. 1849-இல் தங்கம் தேடி வழிதவறி வந்தவர்கள் வைத்த ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் இந்தப் பழங்குடி மக்களுக்குப் பிடிக்காது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக, கோடையில் மலைமேலும் குளிரில் பள்ளத்திலும் என்று மாறி மாறி வாழ்ந்த மக்கள் அவர்கள். 1933-இல் அரசு இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கொஞ்சம் நிலம் திரும்பக் கிடைத்தது.

அருகிலேயே ஹார்மனி வெண்கார ஆலையின் மிச்சங்கள், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1883 முதல் 1888 வரை சீனத் தொழிலாளர்கள் உப்புத்தரையிலிருந்து வாரிக் கொடுத்ததைக் காய்ச்சி வெண்காரம் எடுத்தார்கள். நம் பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே சரக்கு. 18 கோவேறு கழுதையும் 2 குதிரையும் பூட்டிய வண்டித்தொடர் அதை மொஹாவி ரயிலடிக்கு 165 மைல் இழுத்துப் போனது. கோடையில் ஆலையை மூடிவிடுவார்கள். தொழிலாளர் மேல் இரக்கம் ஒன்றுமில்லை, தொட்டியில் இருந்த கரைசல் படிகமாகும் அளவுக்கு ஆறவே ஆறாது என்பதுதான் காரணம்.

உச்சிவெயில் ஏறும்போது டாண்டேஸ் வியூவுக்கு வண்டியைத் திருப்புங்கள். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 24 மைல். வந்த வழியிலேயே திரும்பப் போகிறோமே என்று தோன்றும். கோடையில் அந்தப் பெட்ரோல் வீண் இல்லை. குளிர்காலத்தில் மேலே காற்று பிய்க்கும், அப்போது காலையில் உள்ளே வரும்போதே பார்த்துவிடலாம். கடைசிப் பகுதியின் சரிவு 15 சதவீதம், 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரை ‘லோ’வில் போடுங்கள், கருகல் வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி ஆறவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் காலையில் நடந்த உப்புத்தரை வெள்ளைக் கறையாகவும், மனிதர்கள் கண்ணுக்கே தெரியாமலும் இருப்பார்கள். கட்டுச்சோற்றை இங்கே அவிழ்க்கலாம்.

மூன்றரை, நாலு மணிக்கு ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். 9 மைல் ஒருவழிப்பாதை, தெற்கிலிருந்து வடக்கே மட்டும். மேற்கு பார்த்த சரிவு என்பதால் மாலை வெளிச்சம்தான் நிறத்தைக் காட்டும். எரிமலைச் சாம்பலில் இருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசால் ஊதா. காரை விட்டு அதிகம் இறங்கத் தேவையில்லாததால் பெரியவர்களுக்கு மிகத் தோதான இடம்.

மாலை மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடுகள், ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து அரை மணி. உயரமான மேடு சுமார் 100 அடி. பாதை என்று எதுவும் கிடையாது. காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகி, சரிவு மெல்லியதாக இருக்கும். மறுபக்கம் 34 டிகிரி வரை செங்குத்து, ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். முகட்டுக் கோட்டிலேயே நடந்தால் பாதி உழைப்பு மிச்சம். திரும்ப வேண்டிய திசைக்கு ஒரு மலையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், நாலு மேடு தாண்டினால் கார் தெரியாது. கோடையில் சூரியன் மறைந்த பிறகும் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், மணலோ அதைவிடச் சூடு. அந்த மாதங்களில் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்புவதே போதும். பக்கவாட்டில் ஊரும் விரியன் வகைப் பாம்பு ஒன்று இரவில் இங்கே நடமாடும், டார்ச் இல்லாமல் புதரோரம் கால் வைக்க வேண்டாம்.

நகரும் கற்கள் கிடக்கும் ரேஸ்ட்ராக்கை ஒரு நாள் பயணத்தில் சேர்க்காதீர்கள். 27 மைல் முரட்டுச் சாலை, டயரைக் கிழிப்பதில் பேர்போனது. யுபிஹீபி எரிமலைப் பள்ளமும் வடகோடியில் இருப்பதால் அரை நாளை விழுங்கிவிடும்.

திரும்புவதற்கு வந்த வழி வேண்டாம். டேலைட் கணவாய் ஏறி பேட்டி என்ற நெவாடா ஊர் வழியாகப் போனால் மணல்மேட்டிலிருந்து ஒரு மணிக்குள் பெட்ரோலும் சூடான சாப்பாடும் கிடைக்கும், அங்கிருந்து 95-ஆம் நெடுஞ்சாலையில் வேகாஸ் இரண்டு மணி நேரம். பொழுது இருந்தால் ஊருக்கு 4 மைல் முன்னால் ரயோலைட் என்ற கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊர். அங்கே மூன்று மாடி வங்கியொன்றின் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பேட்டி எல்லைக்குள் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்; சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் அங்கே இரவில் நடுரோட்டில்தான் நிற்கும், ஹாரன் அடித்தாலும் நகராது.